ஹெட்லியின் எஞ்சின் ஓடிய சிவப்புக் கார்

மார்லி ஹார்பரில் கடலில் மூழ்கியவர்கள் காரில்தான் வீடு திரும்பினார்கள். அந்தக் காரில் இரண்டே இருக்கைகள். ஒன்று ஓட்டுபவருக்குப் போய்விடும் என்பதால் ஒரு நடைக்கு ஒருவர். அந்த இலையுதிர் காலத்தில் மாவு விலை ஏறியது, உருளைக்கிழங்கில் பாதி அழுகிப்போனது, காட் மீன் ஆழத்துக்கு நகர்ந்தது, லியாண்டர் ஸ்னூக் இருபது வருடங்களுக்குப் பிறகு தன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் இவை அனைத்தும் ஒரே மூச்சில் சொல்லப்படும் செய்திகள்தாம்.

காரை ஊருக்குக் கொண்டுவந்தவன் கார்லண்ட் ரைட்அவுட். டொராண்டோவில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கரையோரக் கப்பலில் திரும்பியபோது, சம்பாத்தியம் முழுவதையும் ஒரு பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக்கொண்டு வந்திருந்தான். கப்பலின் பாரந்தூக்கி அந்தச் சிவப்பு வண்டியைப் படகுத்துறையில் இறக்கிவைத்தபோது ஊரே கூடி நின்றது. தேவாலயத்திலிருந்து, கடலுக்குள் நீளும் கல் முனை வரை போகும் குதிரை வண்டித் தடத்தைத் தவிர அங்கே பாதையென்று எதுவும் கிடையாது.

“இதை எங்கடா ஓட்டப்போற?” என்று கேட்டார் படகு பழுதுபார்க்கும் அங்கிள் எஸாவ்.

“சர்ச்சுக்கு.”

“சர்ச் இங்கேருந்தே தெரியுதே மவனே. எட்டி ஒரு கும்பிடு போட்டா முடிஞ்சுபோச்சு.”

கார் ஒரே ஒரு கோடைக்காலம்தான் ஓடியது. படகு எஞ்சின்கள் கடல்நீரைக் குடித்துக் குளிர்வதைப் பார்த்து வளர்ந்தவன் கார்லண்ட். ஆகவே ரேடியேட்டரிலும் கடல்நீரையே ஊற்றினான். உப்புநீர் உறையாது என்ற நம்பிக்கை வேறு. அந்தக் குளிர்காலத்தில் துறைமுகமே உறைந்தது, ரேடியேட்டரும் உறைந்தது, எஞ்சின் நடுவில் பிளந்தது. வசந்தத்தில் பானெட்டைத் திறந்தவன் அந்தப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு மூடினான்.

கார்லண்டின் அண்ணன் ஹெட்லி அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு மூடுபனியில் தொலைந்துபோயிருந்தான். யாருடைய படகாவது நேரத்துக்குத் திரும்பவில்லையென்றால் தேடிப்போவது எப்போதும் அவன்தான். அன்றும் அப்படித்தான் போனான். அவன் தேடிப்போன படகு முழுசாகத் திரும்பியது. ஹெட்லியின் படகு கல் முனையில் தரைதட்டிக் கிடந்தது, உள்ளே ஆளில்லை, எஞ்சின் மட்டும் சூடாக இருந்தது. உடல் கிடைக்காதவருக்குக் கல்லறை வைக்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவன் மனைவி மஹாலா அந்த எஞ்சினைக் கழற்றச் சொல்லி மீன் கொட்டகையில் வைத்துக்கொண்டாள். ஒற்றை உருளையும் ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு இரும்புச் சக்கரமும் கொண்ட பழங்கால எஞ்சின் அது. அதன்மேல் ஹெட்லியின் மழைக்கோட்டைப் போர்த்திவைத்தாள்.

இதற்கிடையில் அரசாங்கம் ஊரைக் காலிசெய்யச் சொல்லியிருந்தது. வளைகுடாவின் அக்கரையில் பள்ளியும் மருத்துவரும் சாலையும் உள்ள பெரிய ஊருக்கு எல்லோரும் மாறிவிட வேண்டும். வீடுகளைப் பீப்பாய்கள் கட்டி மிதக்கவைத்து இழுத்துச் செல்லலாம். ஆனால் ஒரு வீடு விடாமல் எல்லோரும் கையெழுத்திட்டால்தான் உதவி. பாதி வீடுகள் மறுத்தன. அவையெல்லாம் கடலுக்கு ஆளைக் கொடுத்த வீடுகள். நாங்கள் போய்விட்டால் அவர்கள் திரும்பி எங்கே வருவார்கள் என்று அந்த வீட்டுப் பெண்கள் அதிகாரியிடம் கேட்டார்கள்.

அந்த வசந்தத்தில் கார்லண்ட் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“மஹாலா, அண்ணன் எஞ்சினைக் குடு. கார்ல வச்சுப் பாக்கறேன்.”

“அது தடதடன்னு கிழவன் மாதிரி இருமுற எஞ்சின்டா. உன் சீமைச் சீமாட்டி அதைக் கட்டிக்குவாளா?”

“பொண்ணு பாக்கவா போறோம்? கொட்டகையில துருப்பிடிச்சுக் கெடக்கறதுக்கு இது மேல்தானே.”

“துருவா? மாசாமாசம் எண்ணெய் போடறேன் நான்.” அடுப்பில் ஒரு விறகைத் தள்ளியவள், “எடுத்துட்டுப் போ. சத்தத்தைக் கேக்கணும்போல இருக்கு,” என்றாள்.

கார்லண்டும் அங்கிள் எஸாவும் கோடை முழுவதும் அந்த வேலையில் இருந்தார்கள். எஞ்சினுக்கு ஸ்ப்ரூஸ் மரத்தில் படுக்கை அடித்தார்கள். மரம் அறுக்கும் பட்டறையின் பழைய தோல் பட்டையால் அதைக் கியர் பாக்ஸோடு இணைத்தார்கள். இரும்புச் சக்கரத்துக்கு இடம் போதாததால் பானெட்டைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கார் முன்பு எத்தனை வேகமாகப் போயிருந்தாலும், இப்போது ஓர் ஆடு அவசரப்படாமல் அதை முந்திவிடும்.

ஆனால் சத்தம் ஹெட்லியின் சத்தமாகவே இருந்தது. அந்த ஊரில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித் தாளம். முனைக்கு அப்பால் வருவது எந்தப் படகு என்பதைப் பெண்கள் சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவார்கள், ஆள் கரையேறும்போது தேநீர் தயாராக இருக்கும். மூன்று தட்டு, ஒரு மூச்சு, பிறகு இரண்டு தட்டு என்று கார் முதல் முறை உயிர்பெற்றபோது ஊரெங்கும் பெண்கள் தலைநிமிர்ந்தார்கள். மஹாலாவின் கை, அவள் நினைப்பதற்கு முன்பே, தேநீர்க் கெண்டியை அடுப்பில் ஏற்றியிருந்தது.

மூடுபனி இறங்கிய ஒரு காலையில் கல் முனைவரை போன கார்லண்ட், பாதையோரம் ஒருவர் கையைக் காட்டியபடி நிற்பதைக் கண்டு நிறுத்தினான். லியாண்டர் ஸ்னூக். தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்தார். மூடுபனியில் வழிதவறியவர்களை வீடு சேர்க்கும் எஞ்சின் எது என்பது கடலின் அடியிலும் தெரிந்திருந்தது. வீட்டு வாசலில் அவருடைய மனைவி எஃபி கதவைத் திறந்து, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“இத்தனை வருஷம் எங்க போயிருந்தே? பூட்ஸைக் கழட்டு, இப்பத்தான் தரையைத் தொடச்சேன்.”

அவர் கழற்றினார். உப்பு மீனும் ஊறவைத்த ரொட்டியும் தின்றார், கட்டிலில் தன் பழைய பக்கத்தில் படுத்துத் தூங்கினார். விடிந்தபோது மெத்தையில் ஆள் அளவுக்கு ஓர் ஈரமும் ஒரு கைப்பிடி மணலும் மட்டும் இருந்தன. எஃபி அழுது முடித்துவிட்டுக் கம்பளியைக் கொடியில் போட்டாள், மணலைப் பாதிரியாரிடம் கொடுத்தாள். பாதிரியார் அதைப் புதைத்து ஜெபம் சொல்லச் சம்மதித்தார். அன்று மாலையே அவள் அரசாங்கத் தாளில் கையெழுத்திட்டாள்.

அதன்பின் மூடுபனி இறங்கிய நாட்களிலெல்லாம் கார்லண்டுக்கு வேலை இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வந்தார்கள்: ஏறினார்கள், இறங்கினார்கள், சாப்பிட்டார்கள், ஓர் இரவு தூங்கினார்கள், காலையில் இல்லை. ஒன்றாக மூழ்கிய ஹைன்ஸ் சகோதரர்கள் இருவர் சேர்ந்து நின்றபோது மட்டும் சிக்கல் வந்தது. தம்பியை முதலில் ஏற்றிவிட்டு மூத்தவர் அடுத்த நடைக்குப் பொறுமையாகக் காத்திருந்தார். வீடுகள் ஒவ்வொன்றாகக் கையெழுத்திட்டன. முதல் பனி விழுவதற்குள் மஹாலாவின் வீடு மட்டும் பாக்கி.

ஹெட்லி வரவில்லை. கார்லண்ட் முனையில் நின்று மூடுபனிக்குள் அவன் பெயரைத் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, பக்கத்து இருக்கை காய்ந்தபடி திரும்பி வருவான். மஹாலா வாசல் கேட்டில் நின்று அந்தக் காய்ந்த இருக்கையைப் பார்ப்பாள். துறைமுகம் உறைவதற்குள் வீடுகளை இழுக்காவிட்டால் இன்னொரு குளிர்காலம் மருத்துவரில்லாமல் கழிக்க வேண்டும் என்று ஊரார் பொறுமை இழந்தார்கள்.

“எல்லாரும் வந்தாச்சு. உன் புருஷனுக்கு மட்டும் கடுதாசி போட்டு அழைக்கணுமா?” என்றாள் எஃபி.

“அவன் சொந்த எஞ்சின் சத்தம் அவனுக்குக் கேக்காதா எஃபி?”

“கேட்டும் வரலேன்னா அங்க வேற எவளோ சோறு போடறா.”

மஹாலா அதற்குச் சிரித்தாள். ஆனால் மறுநாள் கார் திரும்பியபோது அவள் காய்ந்த இருக்கையைப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்து, கார்லண்ட் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்தாள். படகில் எஞ்சினுக்கு அருகே இருக்கும் இடம் அதை ஓட்டும் ஸ்கிப்பருடையது. ஹெட்லியின் தகப்பன்கூட மகனின் படகில் மீன் குவியலின்மேல்தான் உட்கார்ந்துவந்தார். தன் இடத்தில் வேறொருவர் இருக்கக் கண்டால் எழுந்திரு என்று சொல்லும் வழக்கமும் அந்தக் கரையில் இல்லை. ஸ்கிப்பர் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார். கடலில் தொலைந்த ஒருவரை ஊரே பயணியின் கதவருகே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. வந்து, பார்த்து, திரும்பிப் போன ஒருவரை எவரும் எதிர்பார்க்கவில்லை.

“எறங்கு,” என்றாள் மஹாலா.

“என்ன ஆச்சு?”

“உன்னை யாருடா அவன் எடத்துல உக்காரச் சொன்னது?”

கார்லண்ட் எஞ்சினை அணைக்காமலே இறங்கினான். “பின்ன யாரு ஓட்டறது?”

“ஓட்டறவன் ஓட்டுவான்.”

அவள் பயணியின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கார் சற்று நேரம் நின்ற இடத்திலேயே தடதடத்தது, பிறகு ஆளில்லாமல் முனையை நோக்கி நகர்ந்தது. அங்கிள் எஸாவ் தொப்பியைக் கழற்றினார். தேநீர் ஆறும் நேரத்துக்குள் அது மூடுபனியிலிருந்து வெளிப்பட்டது. ஓட்டும் இருக்கையில் மழைக்கோட்டு அணிந்த ஒருவன், பாதையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான். கேட்டருகே வந்ததும் அவன் தீப்பொறியை நிறுத்தி, இரும்புச் சக்கரம் ஓயும் கடைசி நொடியில் மீண்டும் கொடுத்து, எஞ்சினை எதிர்த்திசையில் சுழலவைத்தான். படகைத் துறையோடு அணைக்க அந்தக் கரையில் சிலருக்கு மட்டுமே கைவந்த வித்தை அது. கார் பின்னோக்கி வந்து வாசற்படியை உரசாமல் நின்றது.

“அண்ணன்தான்,” என்றான் கார்லண்ட்.

ஆனால் மஹாலா இறங்கவில்லை. ஏற்றிவந்தவரை இறக்காமல் ஸ்கிப்பர் இறங்க மாட்டார். அவள் காலைத் தரையில் வைத்தால் அவனும் இறங்குவான், உள்ளே போவான், சாப்பிடுவான், தூங்குவான். தூங்கினால் என்ன ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவள் அந்த இருக்கையிலேயே இருந்தாள். அரசாங்கத் தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டாள். எஃபி சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். இப்போது அவள் கேலி எதுவும் செய்யவில்லை. யாரும் எண்ணெய் ஊற்றாமலே எஞ்சின் ஓடியது. ஹெட்லி நீரைப் பார்த்தபடி இருந்தான், மஹாலா ஹெட்லியைப் பார்த்தபடி இருந்தாள். அவன் கண்கள் சிவந்து போயிருந்தன. மூன்று ஆண்டுகளாகத் தூங்காதவனின் கண்கள்.

காற்று அடங்கிய நாளில் வீடுகளைக் கடலில் இறக்கினார்கள். படகுகள் கயிறு கட்டி இழுக்க, திரைச்சீலைகள் ஆடும் ஜன்னல்களோடு அவை வரிசையாக வளைகுடாவைக் கடந்தன. மஹாலாவின் வீடு கடைசியாகக் கிளம்பியது. அதற்குப் பின்னால் சிவப்புக் கார் படகுச் சரிவில் இறங்கி, நீரின்மேல் படகின் வேகத்தில் வீட்டைத் தொடர்ந்து போனது. இழுவைப் படகிலிருந்த கார்லண்ட், அலை குறுக்கே அடித்தபோது அண்ணன் சற்றே திரும்பி வளைந்து கொடுத்ததைப் பார்த்து, தன் படகையும் அதேபோல வளைத்தான்.

அக்கரையில் வீட்டைப் புதிய மரத்தூண்கள்மேல் ஏற்றிவைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போனார்கள். கார் துறையோடு ஒட்டி நின்றது. மஹாலா இறங்காமல் அமர்ந்திருந்தாள். அவன் கைகள் குளிரில் சுக்கானைப் பற்றுவதுபோல ஸ்டியரிங்கைப் பற்றியிருந்தன. தலை ஒவ்வொரு தட்டுக்கும் சிறிது தாழ்ந்து, அடுத்த தட்டில் துணுக்குற்று நிமிர்ந்தது. பார்க்க முடியாமல் அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

“களைச்சுப் போயிருக்க. வா, எறங்கலாம்,” என்றாள்.

அவள் முதலில் இறங்கினாள். எஞ்சின் நின்றது.

மறுநாள் காலையில் அந்த வீட்டின் கொடியில் ஒரு கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. புதிய ஊரின் இடுகாட்டில் மார்லி ஹார்பர்காரர்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் முதல் குழியை கார்லண்ட் வெட்டினான். அது ஒரு கைப்பிடி மணலுக்குத் தேவையானதைவிடப் பெரிதாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. பிறகு அவன் துறைமுகப் பொறுப்பாளரிடம் போய், காரை நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்று கேட்டான். அவர் ஜன்னல் வழியாக அதை ஒருமுறை பார்த்துவிட்டு, படகு வரிசையில் மூன்றாவது இடத்தைக் காட்டினார். கட்டுவதற்குக் கயிறு மட்டும் அவனே கொண்டுவர வேண்டும் என்றார்.