பந்து வராத பக்கம்

என் தம்பி முகிலனுக்கு ஊர் வைத்த பெயர் ஓட்டவலை. பட்டினச்சேரியில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அது அவனோடு போய்விடாது. பக்கத்து வீட்டுச் செல்லம் அக்காவின் மாமனார் ஏதோ ஒரு காலத்தில் சுறாவைப் பார்த்துப் பயந்து வெறும் படகோடு கரைக்குத் திரும்பினாராம். அவர் செத்து எத்தனையோ வருடம் ஆகிறது. அவருடைய பேரன் இன்றைக்கும் சுறா வீட்டுப் பையன்தான். என் மகள் அல்லி ஏழாவது படிக்கிறாள். ஜனவரியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையைக்கூட இறக்காமல், "அம்மா, நாம ஓட்டவலை வீடா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஏறிய கோபம் எனக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் முன்பு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, அந்த வழியில் எங்கள் சித்தப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பிள்ளை இல்லை. முகிலனுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது அவனைத் தத்தெடுத்துப் பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு அழைத்துப்போனார். அங்கே பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஏதோ முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு மோதி விளையாடுகிறார்கள் என்று போனில் சொன்னான். அதுதான் அமெரிக்கக் கால்பந்து. அதிலேயே வளர்ந்து, அதற்காகவே அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்துப் போனான். படிப்பு முடிந்தபோது, கல்லூரிப் பையன்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நாளில், எந்த அணியும் அவனைச் சீண்டவில்லை. தானாகப் போய்ச் சோதனைக்கு நின்றான். இரண்டு அணிகள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. மூன்றாவது அணி வைத்துக்கொண்டது. அங்கே ஐந்து வருடம் ஆடினான். நடுவில் இடது தோளை ஒருமுறை கிழித்துத் தைத்தார்கள்.

பெயர்தான் கால்பந்து. காலால் உதைப்பது கொஞ்சம். கையால் எறிந்து பிடிப்பதும் ஆளை ஆள் இடித்துச் சாய்ப்பதும்தான் அதிகம். எதிரணியில் ஒருவன் பந்தை எறிவான், இன்னொருவன் ஓடிப்போய்ப் பிடிப்பான். பிடிக்க ஓடுகிறவனோடு ஒட்டிக்கொண்டே ஓடி, அவனைப் பிடிக்கவிடாமல் செய்வது முகிலனின் வேலை. கார்னர்பேக் என்கிறார்கள். ஓடுகிறவனுக்கு எங்கே திரும்பப்போகிறோம் என்று தெரியும். இவனுக்குத் தெரியாது. பின்பக்கமாக ஓடிக்கொண்டே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையை ஐந்து வருடம் செய்தவனைத்தான் எங்கள் ஊர் ஒரே காலையில் ஓட்டவலை ஆக்கியது.

அந்தக் காலைக்கு ஏற்பாடு செய்தவன் ராஜா. ஊர் இளைஞர் மன்றத்தில் செயலாளர். மன்றத்தில் வேறு யாரும் எதற்கும் வருவதில்லை என்பதால் அவன்தான் எல்லாமும். முகிலனின் அணி தோற்றால் வெளியே என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் கடற்கரை ரோட்டில் ஃபிளெக்ஸ் வைத்தான். 'அமெரிக்காவைக் கலக்கும் பட்டினச்சேரிச் சிங்கமே' என்று எழுதி, முகிலனின் படத்தை ஓர் ஓரத்தில் போட்டிருந்தான். நடுவில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது ராஜா. மீன் ஏலக்கூடத்துச் சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டி புரொஜெக்டரும் வைத்தான். அங்கே ஞாயிறு ராத்திரி ஆட்டம், நமக்குத் திங்கள் விடியல். கடலுக்குப் போகிறவர்கள்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டம் முழுக்க முகிலன் பக்கம் பந்தே வரவில்லை. அவன் ஓடினான், நின்றான், மறுபடி ஓடினான். பந்து எப்போதும் வேறு பக்கம் போனது, கேமராவும் அதன் பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் ஊர் கொட்டாவி விட ஆரம்பித்தது. சும்மா நிற்பதற்கா அமெரிக்கா வரை போனான் என்று ராஜா என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான். சிரித்தார்கள்.

கடைசி நிமிடத்தில்தான் பந்து அவன் பக்கம் வந்தது. ஓடியவன் முகிலனைத் தாண்டி, ஆளில்லாத இடத்தில், நின்று நிதானமாகப் பிடித்துக்கொண்டு போனான். முகிலன் பின்னால் துரத்தி, எட்டாமல் விழுந்தான். அணி தோற்றது. கேமரா அப்போதுதான் முதல்முறையாக அவன் முகத்தை முழுதாகக் காட்டியது.

அடுத்த நாளே அந்தத் துண்டு வீடியோ ஊரின் எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. ராஜா அதன்மேல் 'ஓட்டவலை' என்று எழுதி, அழுகிற மூஞ்சிகளைச் சேர்த்திருந்தான். ஃபிளெக்ஸைக் கழற்றி ஐஸ்பெட்டிகள்மேல் போர்த்தினார்கள். நான் மார்க்கெட்டுக்கு மீன் எடுக்கப் போகும்போதெல்லாம் என் தம்பி தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு போனேன். நான் தட்டு வைத்து மீன் விற்கிற இடத்தில் ஒரு பெண், "ஓட்டவலை அக்கா, வஞ்சிரம் என்ன வெல?" என்றாள். விற்கவில்லை, போ என்றேன்.

பிப்ரவரியில் அணி அவனுக்கு மறுபடி ஒப்பந்தம் இல்லை என்றது. நேரில் கூப்பிட்டுச் சொல்லக்கூட இல்லை. ஏஜெண்டுக்கு ஒரு போன், அவ்வளவுதான். மாசிமகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முகிலன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான், தூங்கினான், யார் வந்து கேட்டாலும் தலையாட்டினான். பொறுக்க முடியாமல் நான்தான் போனை அவன் முன்னால் வைத்து, என்ன நடந்தது என்று எனக்காவது சொல் என்றேன்.

அவன் வீடியோவை ஓடவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினான். தன்னைக் காட்டவில்லை. தனக்குப் பின்னால் வெறும் புல்லாக இருந்த இடத்தில் விரலை வைத்தான்.

"இங்க ஒருத்தன் நிக்கணும்க்கா. இந்தக் கோடு வரைக்கும்தான் அந்த ஆளு என் பொறுப்பு. கோட்டத் தாண்டிட்டா பின்னாடி நிக்கிறவன் பொறுப்பு. அப்படித்தான் பேசிவச்சிருந்தோம். பின்னாடி நின்னவன் பந்து வேற பக்கம் போகும்னு நெனச்சு எடத்த வுட்டுட்டுப் போயிட்டான்."

யார் அவன், பெயர் என்ன, இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டியபோது, தப்பு என்னுடையது என்று முகிலன் சொல்லியிருந்தான். அதையும் உலகமே பார்த்தது. பின்னால் நின்றவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தானாம். கோச்சுக்கும் தெரியுமாம். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அந்த ஆளுக்கு நீண்ட ஒப்பந்தம், இவனுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது.

கூட ஆடுகிறவன் பெயரை வெளியே சொன்னால் அதற்குப் பிறகு ஒருவனும் நம்பிப் பின்னால் நிற்க மாட்டான் என்றான் முகிலன். சொல்லாததால் மட்டும் என்ன நின்றான் என்று கேட்டேன்.

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னான். ஆட்டம் முழுக்கப் பந்து அவன் பக்கம் வராமல் இருந்ததுதான் அவன் வேலையாம். எறிகிறவன் பார்ப்பானாம், முகிலன் ஆளை விடாமல் ஒட்டி நிற்பதைக் கண்டு வேறு பக்கம் எறிவானாம். ஆக, ஊர் கொட்டாவி விட்ட நேரமெல்லாம் என் தம்பி ஜெயித்துக்கொண்டிருந்தான். சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, ஒருமுறை தவறினால் ஊருக்கே தெரியும் என்றால் இது என்ன விளையாட்டு? இதை வைத்து அவனை எடைபோட இவர்கள் யார்? ஊரில் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். சொன்னால் நான் இப்போதே கிளம்பிவிடுவேன் என்றான். உட்கார்ந்தேன். அந்த ஒரு வாரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது யாருக்கும் தெரியாத ஒரு தவம்.

மாசிமகத்தன்று திருக்கண்ணபுரத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எங்கள் கடலுக்கு வருகிறார். எங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர், அதனால் எங்களுக்கு அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பது எங்கள் ஆண்களின் உரிமை. இடது முன்தண்டில் எங்கள் வீட்டுக்கு ஓர் இடம் உண்டு. அப்பாவுக்கு முட்டி தேய்ந்த பிறகு பங்காளிகள் நின்று சமாளித்தார்கள். இந்த வருடம் மகன் வந்திருக்கிறான், அவன்தான் நிற்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். தைத்த தோள் அது என்று நான் சொன்னதை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் பூமிநாதன் மாமா சரி என்றார். அவனுக்குப் பின்னால் ராஜாவின் இடம். "பாத்துங்க மாமா, சாமியையும் வுட்டுடப்போறான்" என்றான் ராஜா. அன்றைக்கும் சிரித்தார்கள்.

பெண்கள் நாங்கள் மணலில் ஒரு பக்கமாகச் சீர்த்தட்டோடு நின்றோம். செல்லம் அக்கா குள்ளம். கூட்டத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்று போனை எடுத்து, எட்டு அடி தள்ளி வருகிற சாமியை பேஸ்புக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாதான் லைவ் போட்டுக்கொண்டிருந்தான். சப்பரம் தூக்கிக்கொண்டே எப்படி லைவ் போடுகிறான் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது.

அந்த நொடியில்தான் சப்பரம் சாய்ந்தது. இடது முன்பக்கம் சட்டென்று இறங்கியது. முகிலன் ஒரு காலை மடித்து மணலில் முட்டி போட்டுவிட்டான். பெருமாளின் மாலை ஒரு பக்கம் சரிந்தது. கூட்டம் அலறியது. யாரோ, "ஓட்டவலை வுட்டுட்டான்" என்று கத்த, அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துப் பேர் கத்தினார்கள். அதில் ராஜாவும் ஒருவன். அதற்குள் ராஜா தன் தோளைத் தண்டுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டான்.

ஆனால் நான் தம்பியின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தண்டை விட்டு இம்மியும் நகரவில்லை. முட்டி மணலில், தண்டு தோளில், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுந்தான். எழுந்தவன் பின்னால் திரும்பி ராஜாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டான். சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் விழுங்கியதை இங்கேயும் விழுங்கப்போகிறான்.

சீர்த்தட்டைச் செல்லம் அக்கா கையில் திணித்துவிட்டு அவள் போனைப் பிடுங்கினேன். சப்பரத்துக்குப் பக்கத்தில் பெண்கள் போகக்கூடாது. போனேன். யாரோ கையை நீட்டித் தடுத்தார்கள். தட்டிவிட்டேன். பூமிநாதன் மாமாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டி, லைவைப் பின்னால் தள்ளிக் காட்டினேன்.

"மாமா, முட்டி போட்டவன் தோளு தண்டுலதான் இருந்துச்சு. வுட்டவன் பேரு ராஜா. சாமியோட சேந்து மூஞ்சி வரணும்னு வெளிய வந்து நிக்கிறான், பாருங்க. நான் சொல்லல, அவனே ஊருக்கெல்லாம் காட்டியிருக்கான்."

படத்தில் ராஜா சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பெருமாள். இரண்டு பேருக்கும் நடுவில் தோள் இல்லாமல் தண்டு தொங்கியது. பிறகு படம் குலுங்கி மணலைக் காட்டியது. பூமிநாதன் மாமா இரண்டு தடவை பார்த்தார். "ராஜா, வெளிய வா" என்றார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் வேறு ஆளைக் கைகாட்டி உள்ளே அனுப்பினார். சப்பரம் கடலை நோக்கி நகர்ந்தது.

கத்திய வாயெல்லாம் மூடிக்கொண்டது. அதில் ஒரு வாயாவது திறந்து, தப்பாகச் சொல்லிவிட்டோம் தம்பி என்று சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நான் நினைக்கவும் இல்லை. மாப்பிள்ளையைக் கடலில் நீராட்டி அனுப்பும் வரை முகிலன் அந்த இடத்தை யாருக்கும் மாற்றித் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னேன். தைத்த தழும்பைச் சுற்றி வீங்கிச் சிவந்திருந்தது. மீனுக்கு வைத்திருந்த ஐஸை உடைத்துத் துண்டில் சுற்றித் தோளில் வைத்து அழுத்தினேன். முகத்தைத் திருப்பாமலே, ஊருக்கு முன்னால் ஏன் பெயரைச் சொன்னாய் என்று கேட்டான்.

"ஒன் ஊர்ல நீ சொல்லாம இருந்துக்க" என்றேன். "இது என் ஊரு. நான் சொல்லுவேன்."

கோபித்துக்கொண்டு எழுந்து போவான் என்று நினைத்தேன். போகவில்லை. ஐஸ் கரைந்து அவன் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அங்க எழுபதாயிரம் பேரு இருந்தாங்கக்கா. ஒன்ன மாதிரி ஒரு ஆளு எறங்கி வந்திருந்தா போதும்."