ஒக்டோபரில் திரும்பும் படகு

ஹுஸ்னியா மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். கணினி நின்றுபோனால் "நான் ஒண்டுமே செய்யேல்ல, தானா நிண்டிட்டுது" என்று சத்தியம் செய்கிறவர்கள் முதலாவது வகை. "என்ட மெஷின்ல நல்லா வேலை செய்யுதே" என்று சொல்கிறவர்கள் இரண்டாவது வகை. முதலாவது வகையினர் பொய் சொல்கிறார்கள், ஆனால் பாவங்கள். இரண்டாவது வகையினர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாதது.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. கிண்ணியாவிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் பாலம் தாண்டித் திருகோணமலை நகரத்துக்கு வருவாள். மென்பொருள் எழுதுவதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் தொழில். துறைமுகத்துக்குப் பக்கத்தில், நாட்கணக்காகக் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பலநாள் படகுகளின் சங்கமொன்றின் இணையத்தளம் அவள் பொறுப்பில் இருந்தது. அதே சங்கத்தின் கணினியில் ஓடிய படகுப் பதிவு மென்பொருள் அவள் பொறுப்பில்லை. அதைக் கொழும்பிலிருந்த சஞ்சீவன் என்ற ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்தார். அதன் வேலை சின்னது. எந்தப் படகு எப்போது போனது, எப்போது திரும்பவேண்டும் என்று பதியவேண்டும். நாள் கடந்தும் வராத படகுகளின் பட்டியலைக் காலைதோறும் கடற்படைக்கும் கரையோர வானொலி நிலையத்துக்கும் தானாகவே மின்னஞ்சலில் அனுப்பவேண்டும்.

ஜூன் பதின்மூன்றாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை, இணையத்தளம் முந்தாநாள் விபரத்தையே காட்டுகிறது என்று சங்கச் செயலாளர் யோகலிங்கம் அவளைக் கூப்பிட்டிருந்தார். பிரவுசர் பழைய பிரதியை வைத்துக்கொண்டு காட்டிக்கொண்டிருந்தது, வேறொன்றுமில்லை. இதற்காக அவர் கணினியை நான்கு தடவை நிறுத்தி எழுப்பியிருந்தார். மவுசையும் மாற்றிப் பார்த்திருந்தார்.

"நல்ல காலம் ஐயா, கூரைய மாத்தாம விட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஹுஸ்னியா இரண்டு விசைகளைத் தட்டினாள். பக்கம் புதிதாக வந்தது.

அப்போதுதான் ஒரு பெண் உள்ளே வந்து யோகலிங்கத்தின் மேசைக்கு முன்னால் நின்றாள். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த சுலோஜனா. அவளுடைய கணவன் மதுசன் ஓட்டிப்போன படகில் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு கிழமைப் பயணம் என்று மே இருபத்தேழில் போனவர்கள்.

"ஐயா, செவ்வாய்க்கிழமை வந்திருக்கவேணும். இண்டைக்கு வெள்ளி. ரேடியோவிலயும் கதை இல்லை."

"தங்கச்சி, நேற்றும் சொன்னனான்தானே. சிஸ்டத்தில உங்கட படகு பச்சையில நிக்குது. பச்சை எண்டா காலத்துக்குள்ள எண்டு அர்த்தம். பிந்தினா சிவப்பாகும்."

"பச்சையோ சிவப்போ, மனிசன் வரேல்லையே."

"ரெண்டு மூண்டு நாள் பிந்துறது வழமைதானே. சிவப்பு வந்தா உடன அனுப்புவம்."

நேற்றும் முந்தாநாளும் அவள் இதையே கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். ஹுஸ்னியா மடிக்கணினியை மூடினாள். எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஒரு பெண் மூன்று நாளாக நேரில் வந்து சொல்வதை நம்பாமல், விரலளவு பச்சைப் பொட்டு ஒன்றை நம்பும் மனிதரைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, அந்தப் படகத் திறங்க பாப்பம்."

"அது உங்கட வேலை இல்லையே பிள்ளை. சஞ்சீவன் சேர் ஒருத்தரும் கைவைக்க வேண்டாமெண்டவர்."

"கை வைக்கல்ல. கண்தான் வைக்கிறன்."

யோகலிங்கம் மனமில்லாமல் திறந்தார். திரும்பும் நாள் 10/06/2025 என்று திரையில் இருந்தது.

"பாருங்கோ, சரியாத்தானே கிடக்கு. பத்தாம் திகதி."

"இண்டைக்கு எத்தினையாம் திகதி?"

"பதின்மூண்டு."

"அப்ப ஏன் பச்சை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சலுகை நாள் ஏதும் குடுத்திருப்பினம்."

பத்துக்குப் பின்னால் பதின்மூன்று வரும் என்று தெரிந்தவர், தன் கண்ணை விட்டுவிட்டு இல்லாத சலுகையொன்றை நம்பத் தயாராக இருந்தார். ஹுஸ்னியா அட்டவணையை வலப்பக்கம் தள்ளினாள். யாரும் ஒருநாளும் தள்ளிப் பார்த்திராத ஓரத்தில் 'மீதி நாட்கள்' என்றொரு நிரல் இருந்தது. மதுசனின் படகுக்கு நேரே 115.

"நூத்திப் பதினஞ்சு நாளா?" என்றாள் சுலோஜனா. "அவையள் பதினஞ்சு நாளுக்குத்தான் அரிசி கொண்டு போனவை."

ஹுஸ்னியா விரல்விட்டு எண்ணினாள். இன்றிலிருந்து நூற்றுப் பதினைந்தாவது நாள் ஒக்டோபர் ஆறு. விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். நம் ஆட்கள் ஜூன் பத்து என்று நினைத்து எழுதிய 10/06, அவர்களுக்கு ஒக்டோபர் ஆறு.

"இந்தக் கொம்பியூட்டர் எப்ப வந்தது?"

"மார்ச்சில. சஞ்சீவன் சேர்தான் எல்லாம் போட்டுத் தந்தவர்."

விண்டோஸின் அமைப்புகளைத் திறந்தாள். மொழி, நேரம், நாடு. நாடு அமெரிக்கா என்று இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்துகொண்டு மூன்று மாதமாக அந்தக் கணினி தன்னை வேறெங்கோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் திருத்த அரை நிமிடம் போதும். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அந்த அரை நிமிடத்தை ஒருவர் செலவழித்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு கணக்கு அவளுக்கு உதைத்தது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட திகதியை மாதமாக வாசிக்க ஏலாது. அப்படி வரும்போதெல்லாம் மென்பொருள் பிழை என்று கத்தியிருக்க வேண்டுமே? கொழும்புக்கு அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

சஞ்சீவன் பொறுமையாகப் பேசினார். பொறுமைதான் அவருடைய பெரிய தகுதி. "மிஸ், இங்க என்ட மெஷின்ல டெஸ்ட் பண்ணிட்டன். நல்லா வேலை செய்யுது. ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஐயா நாலு தரம் பண்ணிட்டார். திகதி மாறித்தான் நிக்குது. நாலு பேர் கடல்ல இரிக்கிறாங்க."

"ஓகே, ஓகே. முறைப்பாட்டுக்கு ஒரு டிக்கெட் போடுங்க மிஸ். திங்கட்கிழமை முதல் வேலையா பாக்கிறன்."

ஹுஸ்னியா அழைப்பைத் துண்டித்தாள். திங்கட்கிழமை! கடலுக்குச் சனி ஞாயிறு விடுமுறை என்று நினைக்கிற ஆள் படகுகளுக்கு மென்பொருள் எழுதியிருக்கிறார்.

அவர் மென்பொருளின் மூலநிரலை அந்தக் கணினியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். 'புதியது', 'புதியது கடைசி', 'புதியது கடைசி சரியானது' என்று மூன்று கோப்புறைகள். மூன்றாவதைத் திறந்து தேடினாள். திகதியை வாசிக்கும் இடம் கிடைத்தது. பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுதவேண்டிய இடத்தில், ஒன்றும் சொல்லாமல் முதல் எண்ணைத் திகதியாக வைத்து வாசித்துவிட்டுப் போ என்று மூன்று வரிகள் இருந்தன. பதின்மூன்றிலிருந்து மாதக் கடைசி வரை எல்லாம் சரி. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நாளும் மாதமும் மாறிப்போகும், சத்தமே இல்லாமல். மாறிய நாள் பின்னுக்குப் போய்விட்ட சில படகுகள் போன மறுநாளே சிவப்பாகியிருக்கும். யோகலிங்கத்திடம் கேட்டாள்.

"ஓம், சிலது அப்பிடி வந்தது. கொம்பியூட்டர்க் குழப்பமெண்டு அழிச்சுவிட்டனான்."

பொய்யான சிவப்பை நம்பாத மனிதர் பொய்யான பச்சையை நம்பியிருந்தார். ஹுஸ்னியா அதைச் சொல்ல வாயெடுத்தவள், அந்த வரிகளுக்கு மேலே சஞ்சீவன் எழுதி வைத்திருந்த குறிப்பைக் கண்டு நிறுத்தினாள். 'மார்ச் 19. செயலாளர் முறைப்பாடு. பிழைச் செய்தி இனி வராது.'

மார்ச் பத்தொன்பதாம் திகதி அவள் இதே அறையில் இருந்தாள்.

யோகலிங்கம் அன்று, "பிள்ளை, இந்தப் பெட்டி ஒண்டு வந்து வந்து நிக்குது, ஒருக்காப் பாருங்கோ" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். 'இது செல்லுபடியான திகதி அல்ல' என்ற செய்தி. பத்துச் செக்கனில் காரணம் விளங்கிவிட்டது. "எழுதின பெரிய ஆளிட்டக் கேளுங்க ஐயா" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். கொழும்பு ஆலோசகருக்குத் திகதி வாசிக்கத் தெரியாத கதையை அந்தக் கிழமை முழுவதும் கூட்டாளிமாருக்குச் சொல்லித் திரிந்தாள். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு அவளே அதை மறந்துபோனாள். யோகலிங்கம் அவள் சொன்னபடியே பெரிய ஆளிடம் கேட்டிருக்கிறார். பெரிய ஆள் மணியடித்ததைத் திருத்தாமல் மணியைக் கழற்றிவிட்டார்.

அவளுக்குக் காது சுட்டது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. திகதிகளைச் சரியான முறையில் வாசிக்கும்படி ஒரு சிறு கட்டளை எழுதி ஓடவிட்டாள். நாள் கடந்த படகுகள் என்று திரையில் மூன்று வந்தன. இரண்டு ஏற்கெனவே கரையில் நின்றன, வரவு பதியப்படவில்லை. மிச்சம் மதுசனின் படகு.

"போன் எடுங்க ஐயா."

"பட்டியல் சிஸ்டத்தால போறதுதானே முறை..."

"ஐயா, நீங்க எடுக்கிறீங்களா, நான் எடுக்கட்டா?"

யோகலிங்கம் கடற்படைக்கும் வானொலி நிலையத்துக்கும் எடுத்தார். படகின் இலக்கத்தை இரண்டு தடவை சொன்னார். சுலோஜனா கதிரையில் இருக்கவில்லை. அவர் வாயையே பார்த்தபடி நின்றாள்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு பின்னேரம், செய்தி கேட்டு வழியை மாற்றிய இன்னொரு பலநாள் படகு அவர்களைக் கண்டது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று படகை வடகிழக்கே வெகுதூரம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. ஏழாம் திகதி எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறியதாம். பெட்டரிகள் நனைந்ததும் ரேடியோவும் சிக்னல் பெட்டியும் சேர்ந்து செத்துப்போயின. ஐஸ் உருகிய தண்ணீரையும் மீனையும் வைத்து நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

மூன்று பேர் முழுதாக வந்தார்கள். எஞ்சின் பார்க்கும் அலியாருக்கு, அதைத் திருப்பி எழுப்பப் போன இடத்தில் வலக்கை நசிந்திருந்தது. கடற்படைப் படகு அவரை முன்னால் ஏற்றிவந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ரெண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் மிஞ்சியிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

அடுத்த கிழமை சங்கத்தில் கூட்டம். சஞ்சீவன் குளிரூட்டிய வான் வண்டியில் வந்து இறங்கி, பத்துப் படங்கள் காட்டிப் பேசினார். விண்டோஸ் அப்டேட் என்றார். பயனர் பயிற்சிக் குறைபாடு என்றார். தன் மென்பொருள் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. ஹுஸ்னியா எழும்பி மூலநிரலின் அந்த மூன்று வரிகளைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள்.

"பிழை வந்தா வாயப் பொத்து எண்டு எழுதிரிக்கிறீங்க. இதுக்கு எந்த அப்டேட் காரணம்?"

சஞ்சீவன் புன்னகைத்தார். "செயலாளர்தான் அந்த மெசேஜ் வேண்டாம் எண்டவர்."

"அவர் மெசேஜ் வேணாமெண்டா நீங்க காரணத்தத் தேடணும். அதுக்குத்தான் உங்களுக்கு ஆலோசகர் எண்டு பேர்." பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியதால், "நானும் மார்ச்சில அந்தப் பெட்டியக் கண்டன். காரணமும் தெரியும். வேணுமெண்டுதான் சொல்லாமப் போனனான்" என்றாள்.

"அப்ப மிஸ்சுக்கு முதலே தெரியும்" என்றார் சஞ்சீவன். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் முகம் இவ்வளவு தெளிந்து யாரும் காணவில்லை.

குழு ஒரு மணிநேரம் பேசியது. கடைசியில் கூட்டக் குறிப்பில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினார்கள். கோளாறுக்குத் தகப்பன் பேர் இல்லை. சஞ்சீவன் நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. மென்பொருளைத் திருத்தும் வேலை ஹுஸ்னியாவிடம் வந்தது. மாதத்தை எழுத்திலேயே தெரிவு செய்யும்படி மாற்றினாள். மூன்று மாதப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிழைச் செய்திகள் திரும்பவும் வரத் தொடங்கின. யோகலிங்கம் ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி எடுத்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் போனாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அலியாரின் வீட்டைத் தேடிப் போனாள். கிண்ணியாவில் அவள் வீட்டிலிருந்து நான்கு ஒழுங்கை தள்ளி. அவர் மனைவி ரபீக்கா கதிரை எடுத்துப் போட்டாள். அலியார் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு இருந்தார். ஹுஸ்னியா நடந்ததைச் சுருக்காமல் சொன்னாள். நாளும் மாதமும் மாறியது, செய்தியை மூடியது, மார்ச்சில் தான் சிரித்துவிட்டுப் போனது எல்லாம்.

அலியார் முழுக்கக் கேட்டார்.

"கொம்பியூட்டர் சொன்னதா, பிழையெண்டு?"

"சொன்னது."

"உங்களுக்கும் விளங்கினது?"

"ஓம், அலியார் நானா."

"அப்ப மிஷின்ல பிழையில்ல." கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார். "கை நசிஞ்சது எஞ்சினால. அது என்ட கவனக்கொற. விரல் அழுகினது உங்களால. உங்களாலயும் அந்தக் கொழும்புக்காரனாலயும்."

அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். ரபீக்கா குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நல்ல சூடு. அலியார் இடக்கையால் கோப்பையை எடுக்கப் பார்த்தார், பிடி வழுக்கியது, உடுத்திருந்த சாரத்தில் கொஞ்சம் சிந்தியது. யாரும் உதவிக்கு வரவேண்டாம் என்பதுபோல் தலையசைத்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தார். இந்தத் தடவை வாய்வரைக்கும் போனது. ஹுஸ்னியா தன் கோப்பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.