பிளம்பர் வீட்டுக் குழாயில் வந்த சிரிப்பு

பிளம்பர் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் சிரிப்பு வந்தது. ஜூன் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஏழே காலுக்கு, அவருடைய மகள் பல் தேய்க்கப் போனபோது இது தொடங்கியது. முதலில் ஒரு இருமல், பிறகு பல பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம், அதற்கப்புறம்தான் தண்ணீர். ஊருக்கெல்லாம் குழாய் பார்க்கிறவர் வீட்டில் குழாய் ஒழுகுவது உலக வழக்கம். சிரித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பைப்பில் காற்று அடைத்திருக்கிறது என்றார் பிளம்பர். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவரை அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடித் திறந்து காற்றை வெளியேற்றினார். மறுநாள் வாஷர்களை மாற்றினார். வாரக் கடைசியில் சமையலறை லைனை முழுவதும் பிரித்துப் புதுப் பைப் போட்டார். புதுப் பைப்பில் சிரிப்பு இன்னும் தெளிவாகக் கேட்டது.

அக்கம்பக்கத்தில் எந்த வீட்டிலும் இப்படி இல்லை. பிளம்பரின் மனைவி எதிர்வீட்டில் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். வாசற்படி வரைக்கும் அது வெறும் தண்ணீர், படியைத் தாண்டியதும் குடத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேன் தண்ணீரும் அப்படியே. மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்? ஒரு மாதத்தில் அவள் உலை சிரித்தால் அடுப்பைக் குறைத்து வைக்கக் கற்றுக்கொண்டாள். பிளம்பர் குளிக்கும்போது பாட்டுப் பாடிச் சமாளித்தார். பழகாதது மகள் மட்டும்தான். பதினாலு வயது. வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியவள், தண்ணீர் சிரிக்காத வெளியிடங்களிலும் நிறுத்தினாள். வாயைத் திறக்கவே பயந்தாள். உதடு வெடித்தது, பேச்சு தலையாட்டலாகக் குறைந்தது. ஜூலையில் மயங்கி விழுந்தவளுக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது, மருந்துக்கடையில் வேலை பார்த்து எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த தாய் அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

வந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பிளம்பர் தன் தொழிலின் கடைசி ஆயுதத்தை எடுத்தார். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பைப்பில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். அப்படிக் கேட்டார். ஒன்பது பேர் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வேறொன்றும் கேட்டது. பெரிய கூட்டம் ஒன்று சத்தம் போடாமல் நின்று மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. சிரிப்பைவிட அந்த மூச்சுதான் அவரைப் பயமுறுத்தியது. இன்னும் அழுத்திக் கேட்டார். ஒன்பதாவது சிரிப்பு ஒரு விக்கலில் தொடங்கி மூக்கில் முடிந்தது. அந்தச் சிரிப்பை அவர் தொட்டிலில் கேட்டிருக்கிறார். கூடத்தில் போனோடு உட்கார்ந்திருந்த அவருடைய மகனின் சிரிப்பு அது.

மெயின் வால்வை மூடிவிட்டு மகன் முன்னால் போய் உட்கார்ந்தார். பையன் மறைக்கவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப், அவனையும் தங்கையையும் தவிர நாற்பது பேர். பஸ்ஸில் வாய் திறந்தபடி தூங்கிப்போன தங்கையை ஒருத்தன் படம் பிடித்தான். இன்னொருத்தி அந்த வாயில் காகிதத்தைக் கிள்ளிப் போட்டாள். ஒன்பது விநாடி வீடியோ. அவள் வாய்க்குக் ‘கிணறு’ என்று பேர் வைத்தார்கள். அதற்கப்புறம் தினமும் ஒரு படம், தினமும் சிரிப்பு.

“நீயுமாடா?”

“நான் சிரிக்கலன்னா அடுத்தது நான்தாம்பா.”

சிரிக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றான். பிளம்பர் வால்வை மூடிய ஸ்பேனரைத் தூரமாக வைத்தார், கையில் இருந்தால் வீசிவிடுவோமோ என்ற பயம். மகளிடம் போய், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள்.

“அண்ணன் சிரிக்கிறது முதல் நாளே தெரியும்பா. அண்ணன நீங்க அடிப்பீங்கன்னுதான் சொல்லல.”

கதவருகே நின்றிருந்த அண்ணன் அதைக் கேட்டான். குரூப்பில் எழுதினான்: அது என் தங்கச்சி, நானும் சிரிச்சேன், தப்பு, அவ தண்ணி குடிக்கிறதில்ல, எல்லாத்தையும் அழிச்சிடுங்க. அடுத்த நிமிஷமே ‘கிணத்துத் தவளை வந்துடுச்சு’ என்று பதில் வந்தது. கூடவே குடத்திலிருந்து அவன் மொண்டிருந்த டம்ளர் தண்ணீர் அவனைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தது. அவன் டம்ளரைக் கீழே வைத்தான், எழுதியதை அழிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, குரூப்பில் அதுவரை ஒரு எழுத்துகூடப் போடாத பெண் ஒருத்தி, ‘நானும் பாத்துட்டு சும்மா இருந்தேன், இனி இருக்க மாட்டேன்’ என்று எழுதினாள். பிளம்பர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துப் பார்த்தார். பைப்பில் ஒரு மூச்சு குறைந்திருந்தது. இருட்டுவதற்குள் பதினேழு குறைந்தன. அன்று இரவு மகள் அரை டம்ளர் தண்ணீர் குடித்தாள். திங்கட்கிழமை பிளம்பரும் மனைவியும் பள்ளிக்குப் போனார்கள். பஸ்ஸுக்குப் பொறுப்பான டீச்சர், ஒரு போனைப் பிடுங்கினால் நிற்கிற விஷயமில்லை இது என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். ஆகஸ்ட் முடிவதற்குள் மூச்சு முழுவதும் நின்றது, எட்டுச் சிரிப்புகளும் நின்றன.

ஒன்பதாவது நிற்கவில்லை. சமையலறைக் குழாயில் விக்கலில் தொடங்கி மூக்கில் முடிகிற சிரிப்பு அப்படியே தங்கிவிட்டது. குழாயையே மாற்றித் தருகிறேன் என்று பிளம்பர் சொன்னார், மகன் வேண்டாம் என்றுவிட்டான். அவன் வேலைக்குப் போய், கல்யாணமாகி, முன்வழுக்கையும் விழுந்துவிட்டது. இன்றும் தங்கை வந்தால் அவன்தான் எழுந்து போய் அந்தக் குழாயைத் திறக்கிறான். தன் சிரிப்பு முழுவதும் வடிந்து தீரும்வரை நின்று கேட்கிறான், பிறகு டம்ளரை நீட்டுகிறான். அவள் வாங்கிக் குடிக்கிறாள்.