ஏணி வண்டிக்கு நாலு பேர்

காலை எட்டு மணிக்கு வருகைத்தாள் எழுதுவது தீயணைப்பு நிலைய அதிகாரியின் வேலை. தண்ணீர் வண்டிக்கு நாலு பேர், ஏணி வண்டிக்கு நாலு பேர் என்பது விதி. நிலையத்தில் இருந்ததோ அவரையும் சேர்த்து மொத்தமே நாலு பேர். அந்த நாலு பெயரையே இரண்டு வண்டிக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதமாக இதே கூத்துதான்.

"என்னை ரெண்டா வெட்டி வண்டிக்கு ஒரு பாதின்னு உட்கார வெச்சிடுங்க சார்," என்றான் ஓட்டுநர்.

"வாயை மூடிட்டு டயரைப் பாருடா."

ஏணிக்கு ஆள் இல்லை என்று உள்ளதை எழுதினால், அழைப்பு வந்ததுமே கட்டுப்பாட்டு அறை பக்கத்து நிலையத்து ஏணியையும் சேர்த்து அனுப்பும். ஆனால் பத்து நாள் அப்படி எழுதினால் தலைமையகம் வண்டியையே பிடுங்கிக்கொள்ளும். மாடி மேல் மாடியாக நிற்கிற இந்தப் பகுதிக்கு அப்புறம் யார் கதி? அந்தப் பயத்தில்தான் எழுதினார். பாவம், கெட்ட எண்ணமில்லை. அதற்காகப் பொய் மெய்யாகிவிடுமா என்ன!

பதினொரு மணிக்கு அழைப்பு. இரண்டாம் மாடியில் தீ என்றார்கள். நாலு பேரும் தண்ணீர் வண்டியில் ஏறிப் பறந்தார்கள். போய்ப் பார்த்தால் படிக்கட்டு முழுக்கப் புகை. ஐந்தாம் மாடி ஜன்னலில் ஒரு பெரியவர் கையசைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் குழாயோடு உள்ளே நுழைந்தார்கள். ஓட்டுநர் பம்பைவிட்டு நகர முடியாது. அதிகாரி வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"ஏணி வேணும். சீக்கிரம்."

"உங்க ஏணி நாலு பேரோட நிலையத்துலயே இருக்கே சார்? தாள்ல இருக்கே."

"ஆள் இல்லை. நான் எழுதினது பொய். பக்கத்து ஏணியை அனுப்புங்க."

அது வந்து சேரப் பதினாலு நிமிடம் ஆயிற்று. ஒன்பதாவது நிமிடத்திலேயே ஜன்னலில் ஆள் இல்லை. கீழே இறக்கியபோது பெரியவருக்கு மூச்சு இல்லை.

மகள் அலுவலகத்திலிருந்து ஓடிவந்தாள். அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நம்ம நிலையத்து ஏணி வண்டி ஏன் வரல?"

"ரோட்டுல நெரிசல்மா..." என்று ஓட்டுநர் இழுத்தான். அதிகாரி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நெரிசல் இல்லம்மா. ஏணிக்கு ஆளே இல்ல. இருக்குன்னு நான்தான் தினமும் எழுதினேன்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நின்றார். அடித்திருந்தால் தேவலை.

"முதல்ல புகை வந்தப்பவே அப்பா போன் பண்ணினார். படியில இறங்கிடட்டுமாம்மான்னு கேட்டார்," என்றாள். "வேணாம்பா, ஜன்னல்கிட்டயே நில்லுங்க, நம்ம ஏணி வண்டி பக்கத்துலதான் இருக்குன்னு நான்தான் சொன்னேன்."