பன்றிக்கு நெஞ்சு எங்கே இருக்கிறது

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது டெக்சாஸில், பக்கத்து நிலத்து வில்மாவும் அவள் தம்பி ராஸ்கோவும் போட்ட சண்டையில். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன். வெட்கமெல்லாம் இல்லை, எழுதுகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது.

முதல் தொடக்கம்: "அந்திவானம் கடலைக்காட்டின் மேல் இரத்தமாய்ச்..." வேண்டாம். இன்னும் ஒரு பன்றிகூடச் சாகவில்லை, அதற்குள் இரத்தம் எதற்கு?

இரண்டாவது: "போன வாரம் அக்காவின் கடலைக்காட்டில் ராஸ்கோ சுட்ட காட்டுப்பன்றி உடனே சாகவில்லை." இது இருக்கட்டும். புதருக்குள் ஓடி, மதியம் வரை அலறியது. வில்மா ஜன்னலைச் சாத்திய பிறகும் கேட்டது. அன்று அவள் சோளரொட்டியைத் தொடவில்லை.

2
ராஸ்கோவுக்குத் தப்பு எங்கே என்று தெரியாமலில்லை. வாழ்நாளெல்லாம் மான் சுட்டவன். மானுக்குத் தோளுக்குப் பின்னால் குறிவைத்தால் போதும். பன்றிக்கு நெஞ்சு இன்னும் முன்னால், கீழே தள்ளி, முன்னங்காலுக்கு நேராக இருக்கிறது.* மான் பழக்கத்தில் சுட்டால் குண்டு குடலுக்குப் போகும்.

"தலைக்குத் தெரியுதுக்கா. கைதான் கேக்க மாட்டேங்குது."

"அப்ப கைய வீட்ல வச்சிட்டு வா."

"கடலையெல்லாம் தோண்டித் தின்னுட்டுப் போகுமே, பரவால்லயா?"

"தின்னா தின்னட்டும்டா. இன்னொரு தடவ அப்படி அலறல் கேட்டுச்சு, துப்பாக்கியோட இந்த கேட்டைத் தாண்டாத. தம்பின்னு பாக்க மாட்டேன்."

[இங்கே ராஸ்கோவின் இளமைக்காலம் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். பன்றி காத்திருக்காது.]

* காதுக்குப் பின்னால் சுடலாமே என்பார்கள் சிலர். தலையை ஆட்டி ஆட்டித் தின்கிற பன்றியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

3
சாயங்காலம். ஒரு பெண்பன்றி கடலைச்செடிகளைக் கிளறுகிறது. ராஸ்கோ டிரக்கின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துக் குறிபார்க்கிறான்.

முடிவு ஒன்று: குறி நழுவித் தோளுக்குப் பின்னால் போய்... எழுத மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: பன்றி கோணலாக நிற்கிறதென்று அவன் துப்பாக்கியை இறக்குகிறான். அக்கா காபி ஊற்றித் தருகிறாள். எனக்குப் பிடித்த முடிவுதான். ஆனால் பாழாய்ப்போன பன்றி இப்போது பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நிற்கிறதே!

சரி, துப்பாக்கியை நீங்களே பிடியுங்கள். முன்னங்காலைப் பாருங்கள். அதே நேரில் மேலே வாருங்கள், உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கேயே நில்லுங்கள். ராஸ்கோவின் கை இப்போது உங்களுடையது. அதன் பழக்கமும் கூடவே வந்திருக்கும், ஜாக்கிரதை.

டிரக்குக்குப் பின்னால் வில்மா. வெடிச்சத்தத்துக்கு அப்புறம் என்ன கேட்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.