ஆவணி பன்னிரண்டில் நடந்தது

காற்று. பணகுடிக்கு மேற்கே மலை இடுக்கில் புகுந்து வரும் காற்று. வைகாசியில் வந்தால் புரட்டாசி வரைக்கும் போகாது.

வெயிலடிக்கும்போதே சாரல் விழும். கொடியில் சேலை நிற்காது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள், ஒன்று விடாமல் சுற்றும்.

அந்தக் காற்றுக்காகத்தான் வெஸ்லி வந்தான். வந்த இடத்தில் காந்திமதியைப் பார்த்தான்.

காந்திமதி காற்றாலைக் கம்பெனியில் எஞ்சினியர். எது நின்றது, ஏன் நின்றது என்று திரையைப் பார்த்துச் சொல்லும் வேலை. வயது முப்பது. அப்பா போய் எட்டு வருஷம். வீட்டில் அம்மா பிரமசக்தி மட்டும்.

அவன் அமெரிக்காக்காரன். கான்சாஸ் பக்கம். அங்கேயும் இதே பொட்டல், இதே காற்று என்றான். பெயரைக் கேட்டதும் பிரமசக்தி, மெஞ்ஞானபுரமா நாசரேத்தா என்று விசாரித்தாள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் தெருவுக்கு இரண்டு வெஸ்லி உண்டு. இது அந்த வெஸ்லி இல்லை என்று தெரிந்தபோது அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

மூன்று மாசம் முரண்டு பிடித்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் இறங்கி வந்தாள். பெற்றவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

வெஸ்லி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம், இவ்வளவு கசப்பு வந்திருக்காது.

காற்று ஓய்ந்தது. கம்பெனி கொடுத்த காலம் முடிந்தது. அவன் ஊருக்குப் போனான். போன் வந்தது. தினமும் வந்தது. போனிலேயே எத்தனை நாள் குடும்பம் நடத்துவது?

திருநெல்வேலியில் விசா வேலை பார்த்துக் கொடுக்கிற செல்லையாவிடம் போனார்கள். வழி மூன்று என்றார் அவர்.

இங்கேயே கல்யாணத்தைப் பதிந்து, மனைவி என்று மனுப் போடலாம். இரண்டு வருஷம் போல ஆகும். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று மனுப் போடலாம். வருஷத்துக்குள் கூப்பிடுவார்கள், போய்த் தொண்ணூறு நாளைக்குள் அங்கே கட்டிக்கொள்ள வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று போய் அங்கேயே கட்டிக்கொண்டும் இருந்துவிடலாம். அது திருட்டு வழி, நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்றார்.

முப்பது வயதுக்கு இரண்டு வருஷம் அதிகம். நடுவழியை எடுத்தார்கள்.

நடுவழிக்கு ஒரே ஒரு நிபந்தனை. விமானம் ஏறும்போது கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

பிரமசக்திக்கும் ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணம் ஆகாமல் விமானம் ஏறக் கூடாது.

"தாலி இல்லாம எம் பிள்ளைய எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன். ஊரு கேட்டா என்ன சொல்லட்டும், விசா குடுத்துருக்காவன்னா?"

சரியான கேள்விதான். காந்திமதி அதைச் செல்லையாவிடம் கொண்டுபோனாள். அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

பதியாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றார். கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டிக்கொள்ளுங்கள், ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் போகாதீர்கள், யாராவது கேட்டால் நிச்சயதார்த்தம் என்று சொல்லுங்கள். சாமிக்குக் கல்யாணம், சர்க்காருக்கு நிச்சயம்.

எல்லோருக்கும் பிடித்த யோசனை. எல்லோருக்கும் பிடித்துப்போகிற யோசனையை நான் நம்புவதில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

ஆவணி பன்னிரண்டு. அம்மன் கோயில். காற்று அன்றைக்கும் இருந்தது. ஐயர் விளக்கை மூன்று முறை ஏற்றினார்.

லீவு போட்டுத் திரும்பி வந்திருந்த வெஸ்லி பட்டு வேட்டியில் நின்றான். இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. மஞ்சள் கயிற்றில் ஒரு முடிச்சை அவன் போட்டான். மிச்சம் இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். அவனுக்கு அக்கா தங்கை இல்லை. கடல் தாண்டி வந்திருந்த அவன் அம்மா டோரத்திதான் போட்டாள். கண் கலங்கிற்று, முடிச்சு மட்டும் இறுக்கமாக விழுந்தது.

யாரோ படம் எடுத்தார்கள். எடுக்காமல் இருப்பார்களா? பெண்ணுக்குக் கல்யாணம் அல்லவா?

அன்று சாயங்காலம் வெஸ்லி அவளிடம் சொன்னான். எனக்கு இதுதான் கல்யாணம், அங்கே நடக்கப்போவது வெறும் கையெழுத்து என்றான். அவன் சொன்ன ஆங்கிலத்தை அவள் மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தமிழிலும் நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு நாள் இருந்தான். போனான். மனுப் போட்டான். கல்யாணம் ஆனவரா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினான். அவளும் இல்லை என்று எழுதினாள். கழுத்தில் கயிறு இருந்தது.

இல்லை. இல்லை. எழுத எழுதப் பழகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

ஐப்பசி மழை வந்தது. கார்த்திகை மழை வந்தது. மாசி கடைசியில் மும்பைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவும் மகளும் ரயில் ஏறினார்கள்.

தூதரகத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். காலை ஆறரை மணி. காந்திமதி குளித்து, சுடிதார் போட்டு, கண்ணாடி முன்னால் நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது. துப்பட்டாவைச் சுற்றிப் பார்த்தாள். அப்படியும் தெரிந்தது.

கழற்றத்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் அது ரயிலிலேயே தெரியும். இரண்டு பேரும் ரயிலில் அதைப் பேசவில்லை.

பின்கழுத்தில் முடிச்சு. டோரத்தி இறுக்கின முடிச்சு. ஆறரை மாசம் மஞ்சளும் வேர்வையும் ஊறிக் கல்லாகக் கிடந்தது. விரல் நுழையவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"என் கை படாண்டாம் மக்கா. நீயே கழத்து."

புருஷனைப் பறிகொடுத்த கை அது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கழுத்திலிருந்து கழற்றினார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதைப் படிக்கிற மாதிரி நின்றாள்.

காந்திமதி கயிற்றைத் தலை வழியாக இழுத்து எடுத்தாள். காதோரம் கொஞ்சம் முடி அதோடு வந்தது. கைக்குட்டையில் சுற்றி அம்மாவின் சேலை மடியில் செருகினாள். மெட்டியையும் உருவி வைத்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறான். கான்சாஸில் சாப்பிட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இவள் இங்கே வெறுங்கழுத்தோடு படி இறங்கினாள்.

கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. இளவயது, மரியாதையான பேச்சு. அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாள். தப்பாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று காந்திமதிதான் தமிழ் கேட்டு வாங்கியிருந்தாள்.

கையை உயர்த்திச் சத்தியம் வாங்கினார்கள். எப்படிப் பழக்கம் என்று கேட்டார்கள். சொன்னாள். மாமியார் பெயர் கேட்டார்கள். சொன்னாள். ஏதாவது சடங்கு நடந்ததா என்று கேட்டார்கள். நிச்சயதார்த்தம் என்றாள்.

அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார்.

டோரத்தி முகநூலில் போட்டிருந்த படம். ஆவணி பன்னிரண்டு. குனிந்த தலை, கயிறு, வெஸ்லியின் கை. மேலே இரண்டு வரி. என் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு ஒரு மகள் கிடைத்துவிட்டாள்.

பாவம் அந்தக் கிழவி. சந்தோஷத்தை அடக்கத் தெரியாதவள். ஒருத்தரும் அவளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று சொல்லி வைக்கவில்லை. காந்திமதி அந்தப் படத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். நல்ல படம். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பு அம்மாள் அதைத் தமிழில் கேட்டார்.

"இவரு உங்க கழுத்துல கட்டுறது என்ன?"

கேட்ட அம்மாளின் கழுத்திலும் அது இருந்தது. தங்கச் சங்கிலியில் கோத்த தாலி, சேலை மடிப்புக்குள் பாதி தெரிந்தது. அவருக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும்.

"நிச்சயத்துக்குக் கட்டுற கயிறு."

அந்த அம்மாள் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. காந்திமதி வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

முத்திரை விழவில்லை. மனுவும் தள்ளுபடி ஆகவில்லை. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் நடந்தது என்ன என்று இரண்டு பேரும் தனித்தனியே சத்தியம் செய்து எழுதித்தர வேண்டும். கல்யாணம் இல்லை என்று இரண்டு பேரும் எழுதினால் மேற்கொண்டு பார்ப்பார்கள்.

வெளியே வந்தாள். பிரமசக்தி மடியை அவிழ்த்துக் கைக்குட்டையை நீட்டினாள். வேண்டாம் என்றாள் மகள். ரயில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வெஸ்லியின் கடிதம் நாலாம் நாள் மின்னஞ்சலில் வந்தது. வக்கீல் வைத்து எழுதி, நோட்டரி முத்திரையோடு.

அது உள்ளூர் வழக்கப்படி நடந்த ஒரு நிகழ்ச்சி. அங்கே சொல்லப்பட்ட எதுவும் எனக்குப் புரியவில்லை. நான் அதைக் கல்யாணமாக ஒருபோதும் நினைக்கவில்லை.

ஒருபோதும். இந்தச் சொல்லில்தான் அவள் நின்றாள். மற்றதெல்லாம் வக்கீல் எழுதியது என்று தள்ளிவிடலாம். இதுவும் வக்கீல் எழுதியதாகத்தான் இருக்கும். ஆனால் கீழே கையெழுத்து அவனுடையது.

போனில் அவன் கெஞ்சினான். வெறும் காகிதம் மதி, நீயும் ஒன்று எழுதிப் போட்டுவிடு, ஆனியில் இங்கே இருப்பாய் என்றான். அம்மா அந்தப் படத்தை முகநூலிலிருந்து எடுத்துவிட்டாள், அழுதுகொண்டே இருக்கிறாள் என்றான்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். நீ இங்கே வா. ஊரறியக் கட்டினாய், ஆபீசிலும் வந்து கையெழுத்துப் போடு. புருஷன் பெண்டாட்டி என்று பதிவோம். நான் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன். எத்தனை வருஷமானாலும் காத்திருப்போம்.

அவன் வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

புருஷனாக இருக்கிறாயா என்றதற்கு வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். கெட்டவன் இல்லை என்று சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். பயந்தவன். அவ்வளவுதான்.

வக்கீல் போக வேண்டாம் என்றாராம். சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகு மாற்றிச் சொன்னால் அவனுக்கே வினை என்றாராம்.

அவளே தனியாக ரிஜிஸ்தர் ஆபீசுக்கும் போய்ப் பார்த்தாள். மாப்பிள்ளை நேரில் வர வேண்டும் என்றார்கள். வேறு நாடு, வேறு மதம், முப்பது நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், அதன் பிறகு நடப்பதுதான் கல்யாணம் என்றார்கள். அப்போ ஆவணியில் நடந்தது? அது உங்கள் வீட்டு விசேஷம் அம்மா என்றார் அங்கிருந்தவர்.

அங்கே கல்யாணம் ஆகிவிட்டது என்று சந்தேகம், அதனால் வரக் கூடாது. இங்கே கல்யாணம் ஆகவே இல்லை, அதனால் பதிவு கிடையாது. இரண்டு ராஜ்ஜியத்துக்கும் நடுவே ஒரு பெண் மஞ்சள் கயிற்றோடு நின்றாள்.

சித்திரை. காற்று இல்லை. காற்றாலைகள் எல்லாம் சும்மா நின்றன. திரையில் பார்க்க ஒன்றுமில்லை. தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரமசக்தி பக்கத்தில் வந்தாள். தாலி இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்ற அதே பிரமசக்தி.

"எழுதிக் குடுத்துருட்டி. சாமி ஒண்ணும் நெனைக்காது. நான்தான் அறிவில்லாம கட்டச் சொன்னேன். அந்தப் பாவம் எம்மேல கெடக்கட்டும். நீ போயி பொழைச்சுக்கோ."

எழுதினால் போகலாம். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுதினால் ஆனியில் அவன் பக்கத்தில் இருக்கலாம், அங்கே மறுபடியும் கட்டிக்கொள்ளலாம், பிள்ளை பெறலாம். ஒரே ஒரு இல்லை. எத்தனையோ இல்லை எழுதியாகிவிட்டது. இது கடைசி.

எழுதத்தான் பேனாவைத் திறந்தாள். அவனுடைய ஒருபோதும் என்ற சொல் முன்னால் கிடந்தது. அதே சொல்லைத் தானும் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அந்த நாளுக்கு உலகத்தில் சாட்சி இல்லை. படத்தையும் அழித்தாயிற்று.

கை எழுதியது. ஆவணி பன்னிரண்டாம் தேதி, அம்மன் கோயிலில், எனக்கும் வெஸ்லிக்கும் கல்யாணம் நடந்தது. தூதரகத்தில் நான் சொன்னது பொய். இது உண்மை.

கையெழுத்துப் போட்டாள். மறுநாள் முத்திரை வாங்கி அனுப்பினாள். அதன் நகலை அவனுக்கும் அனுப்பினாள். அவன் போன் அன்று வந்தது, அழுதான். அடுத்த வாரம் வந்தது. அதற்கடுத்த வாரம் வரவில்லை.

வைகாசி முதல் வாரத்தில் தூதரகத்துக் கடிதம் வந்தது. காந்திமதி அதை அம்மாவுக்குப் படித்துச் சொன்னாள். மனுவை மூடிவிட்டார்கள். பொய் சொன்னவள் என்று பெயருக்கு நேரே எழுதி வைத்துவிட்டார்கள், இனி எந்த வழியில் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

பிரமசக்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"இனி அவரு வருவாரா?"

"தெரியாதும்மா."

"நீயும் போவ முடியாது."

"முடியாது."

"அப்பொறம் எதுக்குட்டி அப்படி எழுதுன?"

காந்திமதி கடிதத்தை மடித்தாள்.

"நடந்துச்சும்மா. நடந்துச்சுன்னு ஒருத்தராவது சொல்லணும்லா."