காட்டிக் காட்டித் தீர்ந்த காற்று

என் கணவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் விஞ்ஞானி. தொழில் என்னவோ குளியலறை டைல்ஸ் விற்பதுதான். கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் விஞ்ஞானியாகிவிடுவார். கழற்றத் தெரிந்து மாட்டத் தெரியாமல் விட்ட மிக்ஸியும் ஃபேனும் அங்கே குவிந்து கிடக்கின்றன.

மாமனாருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. கட்டிலருகே ஆளுயர ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று, அது தீர்ந்தால் மாற்றுவதற்கு அதே அளவில் இன்னொன்று ஷெட்டில், டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போகக் கைக்கு அடக்கமாக ஒரு சின்னது. சின்னது காலியானால் கடையில் கொடுத்து நிரப்பி வருவார்கள், சாதாரண மனிதர்கள். இவர் ஒரு வீடியோ பார்த்தார், ஒரு செப்புக்குழாய் வாங்கினார்.

"ஷெட்ல இருக்கற பெரிசுலேர்ந்து சின்னதுக்கு நாமளே ஏத்திக்கலாம்" என்றார். கேஸ் கடைக்காரர் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். வெடித்தால் வீடே இருக்காது என்றார். விஞ்ஞானி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏற்றினார். வெடிக்கவில்லை. சின்னதின் மீட்டர் முள் ஏறியது. அதோடு விட்டிருந்தால் நானே மெச்சியிருப்பேன். ஆனால் பார்த்து வியக்க ஆள் இல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. மாமாவை நலம் விசாரிக்க வந்தவர்களை வாசலிலேயே மடக்கி ஷெட்டுக்கு ஓட்டிப்போக ஆரம்பித்தார். சின்னதில் ஏற்கெனவே கேஸ் இருக்குமே, எப்படிக் காட்டுவது? வால்வைத் திறந்து உள்ளதையெல்லாம் ஃபுஸ்ஸென்று வெளியே விடுவார். முள் கீழே விழுந்ததும் முதலிலிருந்து ஏற்றிக் காட்டுவார். சித்தப்பாவுக்குக் காட்டினார், எதிர்வீட்டுக்காரருக்குக் காட்டினார், கேபிள் பார்க்க வந்தவரைக்கூட விடவில்லை. அப்பா மூச்சு விட வாங்கிய காற்றை மகன் ஊருக்கு வேடிக்கை காட்டினார்.

"பெரிசுல குறையாதா?" என்று கேட்டேன்.

"அது கடல் மாதிரி. ஒரு சொம்பு மொண்டா குறையுமா?"

"மொண்டு மொண்டு வாசல்ல இல்ல கொட்டறீங்க?"

"உனக்கு ஃபிசிக்ஸ் புரியாது."

புரியாதுதான். நானே போய்ப் பார்க்கலாமென்றால் ஷெட் சாவி அவர் சட்டைப்பையை விட்டு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் அவள் கணவரும் வந்தார்கள். அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையை வழக்கம்போல ஷெட் விழுங்கியது. சற்று நேரத்தில் கட்டிலருகே இருந்த சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தேன். மாமாவுக்கு நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. பின்னால் ஷெட்டுக்கு ஓடினேன்.

"மாமாவோடது தீரப்போகுது. அந்தப் பெரிசை உருட்டிட்டு வாங்க."

"அதான் ஸ்பேர் இருக்கே, எதுக்குப் பதறற? மாப்பிள்ளைக்கு இதை மட்டும் காட்டிட்டு வரேன்."

ஸ்பேரைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. குழாய் மாட்டியபடியே இருந்தது, பெரிசின் வால்வு திறந்தபடியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, சின்னதை மட்டும் மூடிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கிறார். டேப் சுற்றிய இணைப்பு வழியாக ராவும் பகலுமாக எல்லாம் கசிந்து போயிருக்கிறது. அந்தச் சீறலைத்தான் இத்தனை நாளும் "கேஸ் பேசுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலியா இருக்குங்க."

அவர் மீட்டரை நகத்தால் தட்டினார். "மீட்டர் ரிப்பேர்" என்றார். மறுபடி தட்டினார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது சின்னது மட்டும்தான். விஞ்ஞானியின் இன்னொரு கை அதன் வால்வின் மேல் இருந்தது, மாப்பிள்ளைக்காகத் திறந்து விடுவதற்கு. கையைத் தட்டிவிட்டு அதைப் பிடுங்கினேன்.

"இரு, இன்னும் காட்டவே இல்லையே" என்றார்.

ஓங்கி அறைந்திருப்பேன். இரண்டு கையிலும் சிலிண்டர் இருந்தது.

மாமாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சின்னதை மாட்டி, மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, வால்வைத் திறந்தேன். நாத்தனார் அழுதுகொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் நிறம் திரும்பியது. நான் பயந்திருந்தேன், அதைவிட அதிகமாக என் கணவரை வெறுத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் விஞ்ஞானி உள்ளே வந்தார். கட்டிலருகே குனிந்தார். அப்பாவின் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். சின்னதின் மீட்டரைப் பார்த்தார்.

"பாதிக்கு மேல இருந்ததே" என்றார். "யாரு இவ்வளவு எறக்குனது?"

மாமா ஒரு விரலால் மாஸ்க்கைத் தூக்கினார்.

"நான்தான்டா" என்றார். "மூச்சு விட்டுட்டேன்."

மாஸ்க்கை மறுபடி போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.